தாரை வார்த்த மரக்கலம்

மயிலாப்பூர்
11-6-97

அன்பு அனிருத்துக்கு,

சாரு அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அப்பாவின் வலது முழங்காலைத் தவிர. அதுவும் காலையில் காபி வரும்வரைதான் வலிக்கிறது. அங்கே அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? ஸ்நேஹாவும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்?

டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு கடுதாசி எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். புகார்ப் பிரிவில் நாள் முழுக்க ரிசீவரைக் காதில் வைத்திருக்கிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் அதைத் தொடப் பிடிக்காது. தவிர, இது போனில் பேசுகிற விஷயமும் இல்லை.

நம் ஹனீஃபாவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில் 'குதூகலம்' என்று ஒரு பொம்மைக் கம்பெனி. நம் மரக்கலம் விளையாட்டு இனிமேல் அவர்கள் சொத்தாம். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தபடி ஹனீஃபா அதற்கென்று ஐந்து வருஷமாக எழுதி அச்சடித்த ஆறு புத்தகங்களையும் இனி விற்கக் கூடாது. கைவசம் இருப்பதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். இனி யார் மரக்கலத்துக் கப்பல் போய்ச் சேரப் புதிதாக ஒரு தீவு எழுதினாலும் கம்பெனியில் பதிவு செய்ய வேண்டும், அந்தத் தீவும் கம்பெனிக்கே சொந்தம். இல்லாத தீவுக்குப் பட்டா கேட்கிறவர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அவனைக் கச்சேரி ரோடில் இருக்கும் வக்கீல் விஜயலக்ஷ்மியிடம் அழைத்துப் போனேன். விளையாட்டு இன்னதென்று அவளுக்கு விளங்க வைக்கவே அரை மணி ஆயிற்று. "போர்டு எங்கே?" என்றாள். போர்டு கிடையாது, ஒருத்தர் கடல், மற்றவர்கள் கப்பலில் போகிற வியாபாரிகள், மாலுமிகள். கடலாக இருக்கிறவர் கதை சொல்வார், புயல் அடிக்கிறது என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார், அவரவர் தன் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லித் தாயக்கட்டையை உருட்டுவார்கள் என்றேன். "ஜெயிக்கறது யாரு?" என்றாள். யாரும் இல்லை என்றேன். "அப்போ எதுக்கு ஆடறேள்?" என்றாள். ஹனீஃபா, "கரை சேர்றதுக்குத்தாம்மா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் நம் புத்தகத்தின் பின்னட்டையைப் படித்தாள். நீ மறந்திருப்பாய், எழுதுகிறேன்: 'இந்த விளையாட்டை, இதை ஆடுகிற எல்லோருக்கும் தாரை வார்த்துவிட்டோம். நகல் எடுங்கள், மாற்றுங்கள், சேர்த்து எழுதுங்கள், விற்கவும் செய்யுங்கள். மரக்கலம் என்ற பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்படிக்கு, மரக்கலக் குழு, 1992.' படித்துவிட்டு மேஜையைத் தட்டினாள். "அனுமதி அளிக்கிறோம்னு எழுதியிருந்தேள்னா கேஸே இல்லை. குடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கலாம். இது தாரை வார்த்தது. கையில ஜலம் விட்டுக் குடுத்தாச்சுன்னா குடுத்ததுதான். கன்னிகாதானம் பண்ணின பொண்ணைத் திரும்பக் கேக்க முடியுமோ?" என்றாள்.

நோட்டீஸில் 'ஆசிரியரிடமிருந்து முழு உரிமையையும் பெற்றுவிட்டோம்' என்று இருக்கிறது. யார் பெயர் முதலில் என்று நாம் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் யார் பெயரும் வேண்டாம், 'மரக்கலக் குழு' என்று போட்டோமே. வெளியிட்டவர் என்று உன் பெயரும் விலாசமும் மட்டும்தான் அதில் உண்டு. என்னிடம் ஒருவரும் வரவில்லை. உன்னிடம் யாராவது வந்தார்களா? பதில் போடு.

அத்தைக்கு என் நமஸ்காரம். குழந்தைக்கு முத்தம்.

சாரு


பரோடா
5-7-97

அன்புள்ள சாரு அக்காவுக்கு,

அனிருத்தின் நமஸ்காரம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இருநூறைத் தாண்டவில்லை, பாகற்காய்க்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, இரண்டாலும் என்னைத்தான் கடிக்கிறான். மாமாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் இங்கே கிடைக்கிறது, ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை ஆரம்பித்து எட்டு நாள் ஆகிறது. நம் ஊர் மழை மாதிரி பெய்து தீர்த்துவிட்டுப் போகத் தெரியாது இதற்கு. நசநசவென்று நாள் முழுக்க. துணி காய்வதில்லை. ஃபாக்டரிக்குப் போகிற பஸ் நேற்று பாதி வழியில் நின்றுவிட்டது, முட்டி அளவு தண்ணீரில் நடந்து போனேன். வேளச்சேரியில் இருந்த நாட்களில் பெற்ற பயிற்சி இங்கே உதவுகிறது என்று ஸ்நேஹாவிடம் சொன்னேன்.

ஹனீஃபா விஷயம் படித்தேன். கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்தில் அப்படித்தான் உருட்டி மிரட்டுவார்கள். கொஞ்ச நாள் சும்மா இருக்கச் சொல். தானாக அடங்கிவிடும்.

ஜெயராம் அத்திம்பேரை விசாரித்ததாகச் சொல்லவும்.

அனிருத்


மயிலாப்பூர்
14-7-97

அன்பு அனிருத்துக்கு,

சௌக்கியம், சௌக்கியத்துக்குச் சௌக்கியம். குழந்தையின் பல்லுக்கு அரிசியும் வெல்லமும் கலந்து எல்லோருக்கும் கொடுத்தேன் என்று அத்தையிடம் சொல்.

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ எழுதியது ஒரு பக்கம் மழை. பரோடா நனைந்தது எனக்குத் தெரிந்துவிட்டது, மற்றது தெரியவில்லை. போகட்டும்.

'சும்மா இருக்கச் சொல்' என்று எழுதியிருந்தாய். ஹனீஃபாவிடம் சொன்னேன். "சும்மா எப்டிக்கா இருக்கிறது? நான் என்னா திருடிக்கினா வந்தேன்? வாங்கினு போயி எழுதுன்னு புக்குலயே போட்டுக்கீது, எழுதினேன்" என்றான். அதற்கு முன் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவனுடைய ஏழாவது புத்தகம் அச்சாகி வந்து கடைப் பரண் மேல் பிளாஸ்டிக் சுற்றி இருக்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காயல்பட்டினத்திலிருந்து கிளம்பும் ஒரு கப்பலைப் பற்றி. அந்தக் கப்பலில் யாரும் பொய் சொல்லக் கூடாது, சொன்னால் பாய் கிழியும் என்று விதி வைத்திருக்கிறான். எப்படி இதெல்லாம் தோன்றுகிறது அவனுக்கு! நாம் எழுதிய நாற்பத்தெட்டுப் பக்கத்தைவிட அவன் சேர்த்ததுதான் அழகு. இதை நான் உன்னிடம் மட்டும்தான் ஒத்துக்கொள்வேன்.

கம்பெனி கோர்ட்டுக்குப் போய்விட்டது. வழக்கு முடியும்வரை அவன் எதையும் விற்கக் கூடாது என்று தடை. பெரம்பூரிலும் திருச்சியிலும் கூட்டமாக உட்கார்ந்து ஆடுகிறவர்கள், புதுப் புத்தகம் எங்கே என்று கடைக்கு எழுதிக் கேட்கிறார்கள். தோற்றால் ஏழு புத்தகங்களையும் கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான்.

அதனால் மறுபடி கேட்கிறேன். உன்னிடம் யாராவது வந்தார்களா?

சாரு


பரோடா
20-8-97

அன்புள்ள சாரு அக்காவுக்கு,

அனிருத்தின் நமஸ்காரம். பதில் தாமதம், மன்னிக்கவும். அம்மாவுக்கு இடையில் ஜுரம் வந்து இப்போது தேவலை. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ கேட்டது. யாரோ ஒருவர் எப்போதோ வந்த மாதிரி ஞாபகம். மரக்கலத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். விவரமாக நினைவில்லை. வேலையில் தலைக்கு மேல் வெள்ளம்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஹனீஃபா கம்பெனியோடு ஒத்துப்போனால் என்ன? பதிவு செய்துகொள்ளட்டுமே. அவர்கள் நீலக் கலரில் பெட்டி போட்டு, கப்பல் படம் வரைந்து, பித்தளைத் தாயக்கட்டையோடு கொண்டுவரப்போகிறார்கள். ஜெராக்ஸ் தாளில் எத்தனை நாள் ஓட்டுவது? அவன் எழுதியதும் நாலு பேர் கண்ணில் படும். யோசித்துப் பார்க்கச் சொல்.

ஆவணி அவிட்டத்துக்கு மாமாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும், தாமதமாகவேனும்.

அனிருத்


மயிலாப்பூர்
28-8-97

அன்பு அனிருத்துக்கு,

அத்தைக்கு ஜுரம் விட்டதில் நிம்மதி. கஞ்சியில் மிளகு ரசம் விட்டுக் கொடுக்கச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

பெட்டி நீலமா? நான் கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஹனீஃபாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். டீயை மேஜை மேல் வைத்தான். "பெட்டி நல்லாத்தான் இருக்கும்க்கா. ஆனா நாளைக்கு மதுரையில ஒருத்தன் தீவு எழுதுவான். அவங்கையில இன்னா சொல்றது? நான் பதிஞ்சிக்கினேன், நீ செத்துப்போன்னா?" என்றான்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். விஜயலக்ஷ்மி தாரை வார்ப்பதைப் பற்றி ஜலம், உள்ளங்கை, சாஸ்திரம் எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து, "போன மாதம் நம் அணி கடைசி ஓவரில் மேட்சைத் தாரை வார்த்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். யாராவது தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்களா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், சொல்லப்போனால் நானும்தான். இன்றைய தமிழில் தாரை வார்த்தோம் என்றால் ஏமாந்து கோட்டை விட்டோம் என்றுதான் அர்த்தம், யாரோ வாலிபர்கள் கேலியாக எழுதிய வரியை வைத்துக்கொண்டு சொத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர் கட்சி.

நீதிபதி இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, இரண்டு அர்த்தமும் தமிழில் உண்டு, எழுதியவர் எந்த அர்த்தத்தில் எழுதினார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும் என்றார். ஆசிரியரிடமிருந்து பிரமாணப் பத்திரம் வாங்கித் தாக்கல் செய்கிறோம் என்றார் கம்பெனி வக்கீல். தீபாவளி கழித்து, நவம்பர் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

கம்பெனிக்கு எந்த ஆசிரியர் பத்திரம் கொடுக்கப் போகிறார் என்று அப்பா கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன்.

சாரு


மயிலாப்பூர்
6-10-97

அன்பு அனிருத்துக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தை நன்றாக இருக்கிறாளா? இரண்டு வரி போட்டால் போதும், நலம் என்று மட்டும்.

கொலு வைத்திருக்கிறேன், ஐந்து படி. பறக்கும் ரயில் இந்த மாதம் நம் லஸ் பக்கம் வரை வந்துவிடுகிறதாம். நவம்பரில் கோர்ட்டுக்குப் போக எனக்கு சௌகரியம். இப்படித்தான் அரசாங்கம் என் வசதியைப் பார்த்து நடக்கிறது.

சுண்டல் கிண்டும்போது ஒன்று ஞாபகம் வந்தது. பின்னட்டை எழுதின அன்று மாடியில் உட்கார்ந்திருந்தோம். 'அனுமதி அளிக்கிறோம்' என்று நீ எழுதினாய். நான் அதை அடித்தேன். ரேஷன் கடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது, கொடுக்கிறதை முழுசாகக் கொடு என்றேன். அப்புறம் நான்தான் 'தாரை வார்த்துவிட்டோம்' என்று எழுதினேன். கல்யாணப் பத்திரிகையா இது என்று நீ கத்தினாய். பிறகு இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, சரி இருக்கட்டும் என்றாய்.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது, அதனால் எழுதினேன்.

குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டானா?

சாரு


பரோடா
24-10-97

அக்கா,

எல்லோரும் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கவலைப்படுவாய்.

நீ ஜூனில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். வந்தார்கள். பிப்ரவரியில் குதூகலத்திலிருந்து வெங்கடேஷ் என்பவர் பரோடாவுக்கே வந்தார். புத்தகத்தில் இருந்த என் பழைய விலாசத்தைப் பிடித்து, அங்கே விசாரித்து, இங்கே வந்துவிட்டார். ஒரு மாதிரிப் பெட்டி கொண்டுவந்திருந்தார். நீலப் பெட்டி, வெள்ளிக் கோட்டில் கப்பல், அதன் கீழே 'ஆக்கம்: அனிருத்'. அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி பிசகிவிட்டது. தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருக் கடைகளில் அந்தப் பெட்டி தலை உயரத்துக்கு அடுக்கியிருப்பதை மனசுக்குள் பார்த்துவிட்டேன். இங்கே ஃபாக்டரியில் எனக்கு ஒரு நம்பர் இருக்கிறது, அதைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பெட்டியில் பெயர் இருந்தது.

"வேற யாராவது சேர்ந்து எழுதினாங்களா சார்?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை அக்கா. நேரம் எடுத்திருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை மாதமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் நீட்டிய காகிதத்தில் 'நான் ஒருவனே ஆசிரியன்' என்று இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஹனீஃபா போன்றவர்களுக்குத் தொல்லை வரும் என்று அப்போது தெரியாது. ஆனால் உன்னை விட்டுவிட்டேன் என்று தெரியும்.

உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் வேறு எதையாவது எழுதித் தப்பித்தேன். மழையைப் பற்றி எழுதினேன். அம்மா ஜுரத்தைப் பற்றி எழுதினேன். அவளுக்கு ஒரு நாள்தான் ஜுரம்.

பத்து நாள் முன்னால் கம்பெனியிலிருந்து பிரமாணப் பத்திரம் டைப் அடித்து வந்தது. கையெழுத்து மட்டும் போட வேண்டும். 'மரக்கலத்தின் ஒரே ஆசிரியனாகிய நான், தாரை வார்த்துவிட்டோம் என்ற சொற்களைக் கேலியாகவே எழுதினேன்.' அதே தபாலில்தான் உன் கொலுக் கடிதமும் வந்தது. நான் எழுதவே எழுதாத வரியை எப்படிக் கேலியாக எழுதியிருக்க முடியும்! ஸ்நேஹா இரண்டையும் படித்தாள். "இந்தப் பத்திரத்துல எதுதான் நெஜம்?" என்று கேட்டாள். தேதி மட்டும்தான் என்றேன். பத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று இங்கே ஒரு நோட்டரியிடம் போய் வேறு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரக்கலத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம், உன்னைக் கேட்காமல் நான் உரிமை கொடுத்தேன், ஒருவனே ஆசிரியன் என்று சொன்னது பொய், அந்த வரியை எழுதியது நீ, திரும்பக் கேட்காத தானம் என்ற அர்த்தத்தில்தான் அதை வைத்தோம், நானும் ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். விஜயலக்ஷ்மி மேடத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் போயிருக்கிறது. கம்பெனி என் மேல் வழக்குப் போடலாம் என்று நோட்டரி சொன்னார். போடட்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி சாப்பாடு ருசித்தது.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. அதற்குக் காத்திருக்கிறேன்.

அனிருத்


மேற்கு மாம்பலம்
13-11-97

அனிருத் அண்ணனுக்கு,

ஹனீஃபா சலாம் சொல்லி எழுதுவது. வீட்டிலும் கடையிலும் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நல்லா இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றோடு கேஸ் முடிஞ்சிடுச்சு அண்ணே. வக்கீலம்மா உங்க பேப்பரைக் கொடுத்தாங்க. ஜட்ஜ் படிச்சாரு, எதிர்ப்பக்க வக்கீல் படிச்சாரு, அப்புறம் அவரு வெங்கடேஷ் சார் காதுல இன்னாவோ சொன்னாரு. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே வாபஸ். தடையும் போச்சு. உங்க மேல எதுவும் நடவடிக்கை எடுக்கிறதில்லைன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. வக்கீலம்மா கேட்டு வாங்கினாங்க, அதனால பயப்படாதீங்க.

வெளியே டீக்கடையில வெங்கடேஷ் சார் என் பக்கத்துலதான் நின்னாரு. பாவம், ஆள் நல்லவருதான். "ஐயாயிரம் பெட்டி அடிச்சு வெச்சிருக்கேன், இப்ப அதை என்ன பண்றது?" என்றார். போடுங்க சார், எல்லாருக்கும்னு தானே எழுதிக்கீது, எல்லாரும்னா உங்களையும் சேத்துத்தான், பேரை மட்டும் சரியாப் போட்டுடுங்கன்னு சொன்னேன். ஆசிரியர் பேர் மேல ஸ்டிக்கர் ஒட்டி இரண்டு பேரையும் போடறாராம்.

ஏழாவது புத்தகம் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். படிச்சிட்டு எழுதுங்க.

ஹனீஃபா


பரோடா
25-11-97

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலம். ஹனீஃபா எழுதிய கடிதம் வந்தது, புத்தகமும் வந்தது. படித்து முடித்த கையோடு எழுதுகிறேன்.

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுது. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள்.

அனிருத்


மயிலாப்பூர்
2-12-97

அன்பு அனிருத்துக்கு,

சாரு அக்காவின் ஆசிகள். சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். சௌக்கியமாகத்தான் இருப்பாய், எனக்குத் தெரியும். இங்கே ஒரு வாரமாக அடைமழை, வேளச்சேரிப் பக்கம் படகு விடலாம். பார், நானும் மழையைப் பற்றி எழுதுகிறேன்.

திட்டச் சொல்லியிருந்தாய். திட்டு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஹனீஃபாவுக்கு வந்த நோட்டீஸோடு நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலும் வந்திருந்தது. ஜூன் பத்தாம் தேதி விஜயலக்ஷ்மியின் மேஜையில் அதைப் படித்தேன். 'நான் ஒருவனே.' கீழே உன் கையெழுத்து, எட்டாம் வகுப்பில் நான் போடக் கற்றுக்கொடுத்த அதே வளைவு. மறுநாள்தான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

விஜயலக்ஷ்மி அன்றைக்கே சொன்னாள்: "நீங்க ரெண்டாவது ஆசிரியைன்னு சத்தியம் பண்ணுங்கோ. கையெழுத்துப் பிரதி உங்காத்துல இருக்கு. ஒரே நாள்ல முடிஞ்சுடும்." முடிந்துவிடும்தான். நீ பொய்யன் என்று கோர்ட்டில் நிரூபித்துவிட்டு முடியும். நான் ஹனீஃபாவைப் பார்த்தேன். நஷ்டம் அவனுக்கு, தீர்ப்பும் அவனுடையதுதான். "வேணாம்க்கா. அவரே சொல்லட்டும். நாம புடிச்சிக் கேட்டா இன்னொரு பொய் சொல்லிக்கினு தூரமாப் போயிடுவாரு" என்றான். கடையில் பாதி வியாபாரம் போய், புத்தகமெல்லாம் பரணில் கிடக்க, ஐந்து மாதம் உனக்காகக் காத்திருந்தான். ஒரு நாளும் என்னை அவசரப்படுத்தவில்லை. அவனுக்கு நீ எழுது. எனக்கு எழுதுவதைவிட முதலில் அவனுக்கு எழுது.

நவம்பர் பன்னிரண்டுக்குப் பிறகு காத்திருக்க முடியாது என்பதால் என் பத்திரத்தையும் டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தேன். கைப்பையிலேயே இருந்தது, கொலு சுண்டல் வாங்க வந்தவர்கள் நடுவிலும். விஜயலக்ஷ்மி போன் பண்ணி, உன் தபால் வந்துவிட்டது என்றாள். எனக்குப் போன் பிடிக்காது என்று சொல்வேனே, அன்றைக்கு ரிசீவரை மார்போடு வைத்துக்கொண்டு அழுதேன். ஆபீஸில் எல்லோரும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறி ஓடி வந்தார்கள். யாரும் போகவில்லை, வந்துவிட்டான் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாயா? கோபம் இல்லையடா. கோபப்படாமல் இருப்பதற்கே ஐந்து மாதம் அவ்வளவு பாடுபட்டிருந்தேன், களைத்துப் போய்விட்டேன். கேஸ் முடிந்த மறுநாளிலிருந்து ஆபீஸிலிருந்து வந்ததும் படுத்துத் தூங்கினேன். ஜெயராம்தான் சமையல். தினமும் அதே ரசம், தினமும் நன்றாக இருந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூனிலிருந்து அப்பா வாரம் ஒரு தரம் கேட்பார், "அனிருத் என்னம்மா சொல்றான்?" என்று. "அவன் நம்ம பக்கம்தாம்ப்பா" என்பேன். அவர் கண்ணைப் பார்க்காமல், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொல்வேன். இருபது தரமாவது சொல்லியிருப்பேன், இருபதும் பொய். நேற்று மறுபடி கேட்டார். நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, அதையேதான் சொன்னேன்.

சாரு